சூப் குழந்தைக்கு, கறி நமக்கா?

குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆனதும் நம் வீடுகளில், "பிள்ளைக்குக் கொஞ்சம் சத்தா ஏதாச்சும் குடுக்கணும்" என்ற பேச்சு எழும். மறுநாள் பசாரிலிருந்து கம்பத்துக் கோழி வரும். காலும் நெஞ்செலும்பும் மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு சட்டியில் இறங்கி, அடுப்பில் இரண்டு மணி நேரம் கொதிக்கும். வடிகட்டிய சாறு குழந்தையின் கிண்ணத்துக்குப் போகும். சட்டியில் நின்ற கறி மசாலாவில் புரண்டு அப்பாவின் தட்டுக்கும் தாத்தாவின் தட்டுக்கும் போகும். ஈப்போ புந்தோங்கின் பழைய வீடுகளிலும், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டம் மூடி வெளியேறியவர்கள் வாழும் அடுக்குமாடிகளிலும் இதுதான் வழக்கம். கோழியின் சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது, சட்டியில் இருப்பது வெறும் சக்கை என்பது நம் நம்பிக்கை.

கணக்கு இங்கேதான் தவறுகிறது. கொதிநீரில் இறங்குவது மணமும் உப்பும் கொஞ்சம் கொழுப்பும், மூட்டெலும்புகளிலிருந்து கரையும் பசையும்தான். புரதத்தில் பெரும்பங்கு சதையிலேயே நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமான இரும்பும் துத்தநாகமும் சதையை விட்டு அவ்வளவாக வெளியேறுவதில்லை. சக்கை என்று பெரியவர்களுக்குப் போட்டதுதான் குழந்தைக்கு வேண்டியிருந்த உணவு. ஆட்டுக்கால் சூப்பின் கதையும் இதேதான். சளி பிடித்தவருக்குச் சூடாகக் குடிக்க அது நல்லது, நானும் குடிக்கிறேன். ஆனால் எட்டு மாதக் குழந்தையின் வயிற்றில் அதை ஊற்றிவிட்டு "பிள்ளைக்குக் கறி கொடுத்தாச்சு" என்று மனநிறைவு கொள்வதற்கு ஒரு நியாயமும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முதல் இருபத்துமூன்று மாதம் வரையான குழந்தைகளின் துணையுணவு பற்றி 2023இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றைக் குழந்தை நாள்தோறும் உண்ண வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. பருப்பு, கடலை, விதை வகைகளை அடிக்கடி கொடுக்கவும் சொல்கிறது. கறி, மீன், முட்டை குறைவாகக் கிடைக்கும் வீடுகளில் இவை இன்னும் அவசியம் என்கிறது. ஆறாம் மாதம் முடிந்து தாய்ப்பாலோடு திட உணவு சேரும்போதே இதுவும் தொடங்க வேண்டும். ஒரு வயது ஆகட்டும், பல் முளைக்கட்டும் என்றெல்லாம் அதில் எங்கும் இல்லை.

பாட்டிமார் உடனே மறுப்பார்கள். பல்லே இல்லாத பிள்ளை கறியை எப்படி மெல்லும்? கோழி சூடாச்சே? செரிக்காமல் மாந்தம் கட்டிக்கொண்டால்? இவற்றைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. மருத்துவமனை எட்டாத காலத்தில் வயிற்றுப்போக்குக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறையின் எச்சரிக்கை அது. கெட்டுப்போன கறி அன்று உண்மையிலேயே ஆளைக் கொன்றது. இன்றோ வீட்டில் குளிர்ப்பெட்டி இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. நன்றாக வெந்து மசித்த கறிக்குப் பல் தேவையில்லை; ஈறும் நாக்கும் போதும். ஆறு மாதக் குழந்தையின் வயிறு புரதத்தைச் செரிக்கத் தெரிந்த வயிறுதான். பிறந்த நாளிலிருந்து தாய்ப்பாலின் புரதத்தைத்தானே அது செரித்துக்கொண்டிருக்கிறது?

ஆறாம் மாதம் என்ற எல்லைக்குக் காரணம் இரும்பு. தாயின் வயிற்றில் கடைசி மாதங்களில் சேர்த்து வைத்த இரும்போடு குழந்தை பிறக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. அது தாய்ப்பாலின் குறையன்று, இயற்கையின் ஏற்பாடே அப்படி. முதல் ஆறு மாதம் குழந்தை சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. ஆறாம் மாதத்தை ஒட்டிச் சேமிப்பு வற்றத் தொடங்குகிறது. தாய்க்கே கர்ப்ப காலத்தில் ரத்தசோகை இருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ இன்னும் முன்பாகவே வற்றும். மூளை விறுவிறுவென்று வளர்வதும் இந்தச் சமயத்தில்தான். ஏழு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று அமெரிக்க ஊட்டச்சத்து அளவீடு சொல்கிறது. வளர்ந்த ஆணுக்கு அதே அளவீடு சொல்வது 8 மில்லிகிராம். எட்டுக் கிலோ உடம்புக்கு அறுபது கிலோ உடம்பைவிட அதிக இரும்பு!

இனி நம் கிண்ணத்தைப் பார்ப்போம். குழைய வடித்த சோறு, மேலே தெளிந்த ரசம், விரலால் கரைத்த ஒரு கைப்பிடி. சில வீடுகளில் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி. எட்டுக் கிலோ குழந்தைக்கு அது ஒரு தேநீர்க் குவளை அளவுதான். அதைத் தண்ணீராலும் வெறும் மாவாலும் நிரப்பிவிட்டால் வேறெதற்கும் இடமில்லை. வயிறு நிறையும், பிள்ளை தூங்கும், அம்மாவும் நிம்மதியாக இருப்பார். ரத்தம் மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். தேத்தண்ணியால் வரும் கேடு இன்னொன்று: அதன் துவர்ப்பு, சோற்றிலும் பருப்பிலும் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இது பேராக்கில் இன்று நேற்று தொடங்கிய சிக்கல் இல்லை. தோட்டக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மேய்ந்த கோழி, கொட்டிலில் நின்ற பசு, வேலியோரத்து முருங்கை என்று அடுக்கி, அன்று எல்லாரும் நெய்யும் பாலுமாக வாழ்ந்ததுபோல் காட்டிவிடுவது. கோழியும் பசுவும் இருந்தது உண்மை. ஆனால் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு ஓட வேண்டிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனாள். வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்கள். அத்தனைக்கும் ஒரு ஆயா, பெரும்பாலும் மரம் வெட்ட முடியாத வயதானவர். ரப்பர் பால் நிறுத்துக் கொட்டிவிட்டுத் தாய் திரும்பும் வரை அவர் கரைத்துப் புகட்டியதுதான் குழந்தையின் உணவு. கோழி முட்டையிட்டால் பாதி விற்பனைக்குப் போனது. அடித்த கோழியின் ஈரல் யார் தட்டுக்குப் போனது என்று அந்தக் காலத்துப் பெண்களைக் கேட்டுப்பாருங்கள். குழந்தையின் தட்டுக்கு என்று ஒருவரும் சொல்லமாட்டார்.

பிறகு ஜப்பான்காரன் காலம். அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. நூறு கிராம் மரவள்ளியில் புரதம் ஒன்றரை கிராம்கூட இருக்காது. தோட்டங்களிலிருந்து ஆண்களைச் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துப்போனார்கள். லயங்களில் எஞ்சியவர்கள் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும். கிழங்கு மட்டும் தின்று வளரும் குழந்தைக்கு என்ன நேரும் என்பதை நன்கறிந்த ஒரு மருத்துவர் அப்போது பக்கத்திலேயே இருந்தார், சிங்கப்பூரின் சாங்கி சிறையில் கைதியாக.

அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானாவில் பணியாற்றியவர். மக்காச்சோளக் கூழை மட்டும் உண்டு, பால் மறந்த குழந்தைகளுக்குக் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறுவதை அங்கே கண்டார். அது பசிப்பிணி மட்டுமன்று, கூழில் எதுவோ குறைகிறது என்று 1933இல் மருத்துவ உலகுக்கு எழுதினார். குவாஷியோர்கர் என்று இன்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் நோய் அதுதான். 1936இல் அவரை மலாயாவுக்கு மாற்றினார்கள். இங்கே அவர் கண்டது வேறொரு கேடு. செவிலியர்போல் உடுத்திய விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை சேர்த்த டின் பாலைத் தாய்மாரிடம் சிபாரிசு செய்தார்கள். அந்தப் பாலில் பாதிக்குப் பாதி சர்க்கரை. அதைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்குச் சேர்வது இனிப்புத் தண்ணீர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டு அவர் பேசினார். அப்படி விற்பது கொலைக்குச் சமம் என்று வணிகர்களின் முகத்துக்கு நேராகச் சொன்ன பேச்சு அது. போர் முடிந்து சிறையிலிருந்து வெளிவந்தவர், மலாயாவில் தாய்சேய் நலப் பொறுப்பை ஏற்றார். 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

சத்தில்லாத கூழ் ஒன்று, டின் பால் ஒன்று என்று அவர் எதிர்த்த இரண்டும் இன்று நம் வீடுகளில் நாகரிகமாக உடுத்திக்கொண்டு நிற்கின்றன. கூழின் இடத்தில் ரசஞ்சோறு. சர்க்கரைப் பாலின் இடத்தில் ஒரு வயதுக்கு மேல் என்று விற்கும் 'வளரும் பருவப் பால்மாவு'. தாய்ப்பால் மாற்றுணவுகளின் விற்பனை பற்றிய அனைத்துலக நெறிமுறையை 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. அதற்கு முன்பே மலேசியா இது குறித்து ஒரு நெறிமுறை வகுத்திருந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் டின் பால் விளம்பரங்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றது. இத்தனைக்குப் பிறகும் ஒரு வயதுக் குழந்தையின் தாய் பேரங்காடிக்குப் போனால், அலமாரி முழுக்கப் புரதம், மூளை, உயரம் என்று அடுக்கிய டின்கள்தான் கண்ணில் படுகின்றன. சில டின்கள் நூறு வெள்ளியைத் தொடுகின்றன. ஒரு வயதுக்கு மேல் இத்தகைய பால்மாவு தேவையில்லை என்று மேலே சொன்ன 2023 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பணத்துக்கு எத்தனை தட்டு முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்படி மட்டும் தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

புரதம், புரதம் என்ற கூச்சலிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. 1950களிலும் 60களிலும் உலகில் பசிக்கும் குழந்தைகளின் சிக்கலே புரதக் குறைதான் என்று ஐ.நா. அமைப்புகள் நம்பின, மீன் மாவு, புரதப் பிஸ்கட் என்று பணத்தைக் கொட்டின. 1974இல் டொனால்ட் மெக்லாரன் என்ற மருத்துவ அறிஞர் லான்செட் இதழில், இது மாபெரும் புரதத் தோல்வி என்று எழுதினார். பெரும்பாலான குழந்தைகளுக்கு மொத்த உணவே போதவில்லை, புரதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அலைந்தோம் என்பது அவர் வாதம். இன்றைய கணக்கும் அதை ஒட்டியே வருகிறது. ஏழு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு நாளுக்கு வேண்டிய புரதம் 11 கிராம்தான். நன்றாகத் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு ஏறத்தாழ அதில் பாதி பாலிலேயே வந்துவிடும். ஒரு முட்டை மீதியைக் கொடுத்துவிடும். ஆகவே கறி ஊட்டுங்கள் என்று நான் சொல்வது புரதத்துக்காக மட்டும் அன்று. கறியிலும் ஈரலிலும் மீனிலும் உள்ள இரும்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைவிடப் பல மடங்கு எளிதாக ரத்தத்தில் சேர்கிறது. கூடவே அதே வாய்ச் சோற்றில் உள்ள பருப்பின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. துத்தநாகமும் அப்படித்தான். பி12 என்ற உயிர்ச்சத்து செடிகொடிகளில் கிடையவே கிடையாது.

நாட்டின் நிலவரம் எப்படி? 2022ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 46.5 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஏறக்குறைய இரண்டில் ஒன்று! ரத்தசோகை முழுவதும் இரும்புக் குறையால் வருவதன்று. தலசீமியா போன்ற பரம்பரைக் காரணங்களும் இந்த நாட்டில் உண்டு. ஆனாலும் இரட்டைக் கோபுரம் கட்டிய நாட்டில் இந்த எண்களுக்கு வெட்கப்பட வேண்டும். கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளை ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்ட யுனிசெஃப், அங்கும் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் வளர்ச்சி குன்றியிருப்பதைக் கண்டது.

அடுக்குமாடி என்ற சொல்லில் நம் கதை அடங்கியிருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும், பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோதும், அதன்பின் செம்பனையையும் அழித்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோதும் நம் மக்கள் லயத்தைவிட்டு வெளியேறினார்கள். லயம் வாழத் தகுந்த இடமாக இருந்ததில்லை. அதற்காக நான் அழவில்லை. ஆனால் லயத்தோடு போனது என்னவென்று பார்க்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டத்தை எடுத்துப் படித்தால், தோட்ட முதலாளி குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்க வேண்டும் என்ற கடமைகள் அதில் இருக்கின்றன. கொட்டகை ஒழுகியிருக்கலாம், நிலம் பாறையாக இருந்திருக்கலாம். சட்டத்திலாவது அது தொழிலாளியின் உரிமை. நான்காவது மாடிக்குக் குடிபோனவருக்குக் கோழிக்கூட்டுக்கு இடமில்லை, முருங்கைக்கு மண்ணில்லை, ஆயாக் கொட்டகையும் இல்லை. பேரங்காடியிலோ தொழிற்சாலையிலோ முறை வேலைக்குப் போகிற தாய், பக்கத்து வீட்டு அக்காவிடமோ தாஸ்கா எனும் குழந்தைக் காப்பகத்திலோ பிள்ளையை விடுகிறார். அங்கே அந்தக் குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று கேட்பாரில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சத்துக்குறைவான ஏழைக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் உணவுக்கூடை கொடுக்கும் திட்டம் 1989 முதல் இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் ஏழை மாணவர்களுக்கு உணவு கிடைக்கிறது. கூடை எப்போது வருகிறது என்பதுதான் என் கேள்வி. சுகாதார நிலையத்தின் பதிவுப் புத்தகத்தில் எடைக்கோடு கீழே இறங்கிய பிறகு வருகிறது. பள்ளி உணவு ஏழு வயதில் வருகிறது. உயரம் தவறிப்போவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். ஆறாம் மாதத்திலிருந்து இருபத்துநான்காம் மாதம் வரை, குழந்தை இன்னும் இளைக்காமல் இருக்கும்போது, அதன் கிண்ணத்தில் ஒரு முட்டை விழ எந்தத் திட்டமும் இல்லை. தாஸ்காக்களுக்கு 1984 முதல் தனிச் சட்டமே இருக்கிறது; சமூகநல இலாகாவில் பதிவு செய்தாக வேண்டும். பேராக் மாநில அரசு பதிவுபெற்ற தாஸ்காக்களில் இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை நாளில் ஒரு முட்டை கொடுக்கட்டும். சித்தியவான் பக்கத்துக் கோழிப்பண்ணைகள் இந்த மாநிலத்தில்தானே இருக்கின்றன? முட்டைக்கான உதவித்தொகையை மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் முழுதாக நிறுத்திவிட்டது. அப்படி மிச்சமான பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். பதிவில்லாத வீட்டுக் காப்பகங்களே நம் பகுதிகளில் அதிகம் என்பதும் தெரியும். முட்டை கிடைக்கும் என்றால் பதிவுக்கு வர அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

முட்டையால் உயரம் கூடுமா? ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அதன் முடிவின்படி வளர்ச்சி குன்றுவது 47 விழுக்காடு குறைந்தது. அதையே ஆப்பிரிக்காவின் மலாவியில் ஏரிக்கரைக் கிராமங்களில் செய்தபோது அத்தகைய பலன் தெரியவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் தின்றுகொண்டிருந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் காட்டும் காரணங்களில் ஒன்று. முட்டையில் மந்திரம் எதுவும் இல்லை. மீனும் கறியும் இல்லாத கிண்ணத்தில்தான் அதன் அருமை தெரியும். முட்டையின் இரும்பு உடம்பில் அவ்வளவாகச் சேர்வதுமில்லை. அதனால் ஈரலை விடக் கூடாது.

பசாரில் கோழி வெட்டுகிறவரிடம் ஈரல் கேட்டால் சிலர் கோழியோடு சும்மாவே போட்டுக்கொடுப்பார்கள். பச்சை நிறப் பித்தப்பை ஒட்டியிருந்தால் அதை உடையாமல் வெட்டி எறிந்துவிட வேண்டும். உடைந்தால் கசப்பு போகாது. நன்றாகக் கழுவி, ஒரு சிட்டிகை மஞ்சளும் ஒரு பல் பூண்டும் போட்டு, உள்ளே சிவப்பு மாறி முழுக்கப் பழுப்பாகும் வரை வேகவிடுங்கள். உப்பு வேண்டாம், ஒரு வயது வரை குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தனி உப்பு தேவையில்லை. கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினால் ஈரல் மாவாக உடையும். குழைந்த சோறும் வெந்த பூசணியும் சேர்த்து, வேகவைத்த தண்ணீரோ தாய்ப்பாலோ விட்டுத் தளர்த்தி, கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல விழும் பதத்தில் ஊட்ட வேண்டும். முதல் நாள் அரைக் கரண்டி. மூஞ்சியைச் சுளிக்கும், துப்பும். பத்துத் தரம் துப்பினாலும் அது வேண்டாம் என்பதற்கு அடையாளம் அன்று, புதிது என்பதற்கே அடையாளம். ஒரு மேசைக்கரண்டி ஈரலில் ஒன்றரை மில்லிகிராம் அளவு இரும்பு இருக்கிறது. ஆனால் ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருப்பதால் வாரத்துக்கு ஒரு நாள் போதும். மற்ற நாள்களில் கோழியின் தொடைக்கறி, முள் பார்த்து உதிர்த்த தெங்கிரி அல்லது கெம்போங் மீன், முழுக்க வெந்த முட்டை. நெத்திலியை வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் தூவுவது மலாய்க்கார அம்மாக்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம். வறுக்குமுன் உப்பு போக இரண்டு மூன்று தரம் ஊறவைத்து அலசினால் சரி. (பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு வயது வரை தேன் ஆகாது. அரிதாக உயிருக்கே ஆபத்தாகும் நச்சைக் குழந்தையின் குடலில் உண்டாக்கும் கிருமி அதில் இருக்கலாம்.)

புந்தோங் கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன இடம். தமிழ்க் குடும்பங்கள் வறுத்தும் பொரித்தும் நாடெங்கும் அனுப்பிய கடலை வகைகள் குழந்தைக்கு உதவுமா? உதவும், முழுசாக இல்லாமல். ஐந்து வயது வரை முழுக்கடலை தொண்டையை அடைக்கக்கூடிய பொருள். ஆனால் மசித்த கொண்டைக்கடலையும், நைசாக அரைத்துக் கஞ்சியில் கரைத்த நிலக்கடலையும் ஆறு மாதத்துக்குமேல் நல்ல உணவு. நிலக்கடலையைத் தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த லீப் ஆய்வு 2015இல் அதைத் தலைகீழாக்கியது: ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே நிலக்கடலை கொடுத்தபோது அந்த ஒவ்வாமை 81 விழுக்காடு குறைந்தது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். மற்றவர்கள் புதிய உணவு ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் காலை வேளையில் கொடுத்துப் பார்த்தால் போதும்.

சைவ வீடுகளுக்கு நான் கறியை வற்புறுத்த வரவில்லை. சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றில் குறைவதை மற்றது நிரப்புகிறது. அது நம் முன்னோர் கண்ட நல்ல கூட்டணி. தண்ணீரை அல்ல, பருப்பை அள்ளிப் போட வேண்டும். கூடவே ஈப்போவின் தவ்ஹூ, தெம்பே, தயிர், எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் செடி இரும்பும் ஓரளவு ஏறும். இரும்புச் சொட்டு மருந்தும் பி12உம் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

என் சண்டை பாதி நாள் சைவமாகும் வீடுகளோடுதான். புரட்டாசியில் முப்பது நாள் வீட்டில் கவிச்சி கிடையாது. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குக் காவடி நேர்ந்தவர் வீட்டில் நாற்பத்தெட்டு நாள் கிடையாது. மீதி நாள்களில் வெள்ளிக்கிழமைகள் கிடையாது. ஆகஸ்ட்டில் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பிப்ரவரி வரையான நாள்களை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய பாதி போய்விடும். இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கும் அதே ஆறு மாதம்! விரதம் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் கிடையாது என்று நம் பெரியவர்களே சொல்வார்கள். மருந்து கொடுக்கும்போது இந்த விலக்கு எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது, முட்டை என்றதும் மறந்துவிடுகிறது. தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்து, பூசை மாடத்துக்கு எட்ட ஒரு முட்டையை அவித்துக் கொடுத்தால் எந்த முருகனும் கோபிக்கப்போவதில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் அந்த நாள்களில் பக்கத்து வீட்டிலோ அத்தை வீட்டிலோ ஊட்டிவிட்டுத் தூக்கிவாருங்கள்.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கு எப்படியும் சுகாதார நிலையத்துக்குப் போவோம். அன்று மிசியிடம் எடையும் உயரமும் மட்டும் கேட்டுத் திரும்பாமல், "பிள்ளைக்கு ரத்தம் பார்க்க முடியுமா?" என்றும் கேளுங்கள். நேற்று பிள்ளை என்னென்ன சாப்பிட்டது என்று அவர் திருப்பிக் கேட்டால், சூப் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.